அத்திமரத்தில் இலை மட்டும்: ‘கனி கொடுத்தல்’ என்றால் என்ன?

பாம்பன் பக்கத்தில் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்குக்கோயிலில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி எடுக்கிறேன். பூசை முடிந்ததும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கோயிலின் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். உறுதிபூசுதலுக்கு, அதாவது விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்கு, தயாராகிறவர்கள். போன வருஷம் ஒரு ஞாயிறு அவர்களில் ஒரு பையன் எழுந்து நின்றான்.

“சார், எங்க அப்பா போற போட்டோட ஓனர் தெனமும் காலப் பூசைக்கு வர்றாரு. நன்மை வாங்குறாரு. திருவிழாவுல சப்பரம் தூக்குறாரு. ஆனா பங்கு பிரிக்கையில டீசலு, ஐசு, வலைன்னு அவரு சொல்றதுதான் கணக்கு. எதுத்துக் கேட்டா மறுநா வேற ஆள் ஏறிரும். அப்ப அவரு வாங்குற நன்மை சும்மாவா சார்?”

(நன்மை என்று அவன் சொன்னது பூசையில் வாங்கும் நற்கருணை அப்பத்தை.) தாழ்வாரமே கப்சிப். அந்த ஓனர் வீட்டுப் பேத்தியும் அதே பாயில்தான் இருந்தாள். நான், “கடவுள் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான்டா இருக்காரு, நீ உக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வாத்தியார்கள் தப்பித்துக்கொள்ளும் வழக்கமான சந்து அது. பையன் உட்கார்ந்துவிட்டான். கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். விவிலியத்தில் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சொல் உண்டு: கனி. பக்தி வெளியே தெரிவது ஒன்று, அந்தப் பக்தியால் வாழ்க்கையில் விளைவது இன்னொன்று. முன்னதை இலை என்றும் பின்னதைக் கனி என்றும் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு அத்திமரத்தின் கதை தெரிய வேண்டும்.

மாற்கு நற்செய்தி 11ஆம் அதிகாரத்தில் வருகிறது அது. யூதர்களின் பாஸ்காப் பண்டிகைக்கு முந்தைய நாட்கள். இயேசு பெத்தானியாவிலிருந்து எருசலேமுக்கு வரும் வழியில் அவருக்குப் பசிக்கிறது. தூரத்தில் இலை அடர்ந்த ஓர் அத்திமரம். கிட்டப் போய்ப் பார்த்தால் இலையைத் தவிர ஒன்றும் இல்லை. ‘இனி ஒருவரும் உன்னிடம் பழம் உண்ணாதிருக்கட்டும்’ என்கிறார். மறுநாள் காலை மரம் வேரோடு பட்டுப்போயிருக்கிறது. இதற்கு நடுவில் மாற்கு ஒரு வரி போடுகிறார்: அது அத்திப்பழக் காலம் அல்ல.

இந்த வரியில்தான் எல்லாரும் இடறுவார்கள். காலம் இல்லாத காலத்தில் போய்ப் பழம் தேடிவிட்டு மரத்தைச் சபிப்பது என்ன நியாயம்? நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்குத் தெரிந்த அத்தி வேறு. அது அடிமரத்திலும் கிளையிலும் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். அதன் இலைக்கும் காய்க்கும் நாம் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை. விவிலியத்தில் வருவது நாம் உலர்த்திய பழமாகக் கடையில் வாங்குகிற சீமை அத்தி. குளிர்காலத்தில் அது இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். வெயில் ஏற ஏற இலை துளிர்க்கையில், கூடவே போன வருஷத்துக் கிளையில் சின்னச் சின்னப் பிஞ்சுகளும் வரும். நல்ல பழம் கோடையில்தான். ஆனால் பசித்தவன் அந்த முன்பிஞ்சையும் பறித்துத் தின்பான். ஆக இலை அடர்ந்திருக்கிறது என்றால் ‘என்னிடம் ஏதோ இருக்கிறது, வா’ என்று மரம் கூப்பிடுகிறது என்று பொருள். சுற்றியுள்ள மரங்கள் மொட்டையாக நிற்கையில் இந்த ஒரு மரம் மட்டும் முந்திக்கொண்டு இலை விட்டு நின்றது. விளக்கவுரை எழுதியவர்கள் பலரும் சொல்லும் பதில் இதுதான். காய்க்காததைவிட, காய்த்த மாதிரி நின்றதுதான் அதன் குற்றம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மாற்கு இந்தக் கதையை அடுக்கியிருக்கும் விதம். மரத்தைச் சபித்ததற்கும் மரம் பட்டுப்போனதைச் சீடர்கள் பார்த்ததற்கும் நடுவே, சாண்ட்விச் மாதிரி, வேறொரு சம்பவத்தை வைக்கிறார். இயேசு எருசலேம் கோயிலுக்குள் போய்க் காசு மாற்றுகிறவர்களின் மேசைகளையும் புறா விற்கிறவர்களின் இருக்கைகளையும் கவிழ்த்துப் போடுகிறார். அத்திமரம் யார் என்று இப்போது தெரிகிறது. ஏரோது மன்னன் கி.மு. 20 வாக்கில் புதுப்பிக்கத் தொடங்கிய பிரமாண்டமான கோயில் அது. கல் ஒவ்வொன்றையும் பார்த்துச் சீடர்களே வாய் பிளக்கிறார்கள். பலி உண்டு, தூபம் உண்டு, கூட்டம் உண்டு. இலைக்குப் பஞ்சமே இல்லை. கி.பி. 70இல் ரோமப் படை அதை இடித்துப் போட்டது. தனுஷ்கோடிக்குப் போய் 1964 புயல் விட்டுவைத்த கோயில் சுவர்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்களுக்கு, கல் கட்டடம் எவ்வளவு நிலையானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கோயிலைப் பார்த்து இயேசு சொன்ன வார்த்தை ‘கள்வர் குகை’. ‘கோயிலுக்குள்ளே வியாபாரம் பண்ணி ஏமாற்றினார்கள், அதனால் சொன்னார்’ என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அவருடையது அல்ல. அவருக்கு ஆறு நூற்றாண்டுக்கு முந்திய எரேமியா இறைவாக்கினருடையது. எரேமியா 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆள் கோயில் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறார். நீங்கள் வெளியே அனாதையையும் விதவையையும் அயலூர்க்காரனையும் ஒடுக்குவீர்கள், திருடுவீர்கள், பொய்ச்சத்தியம் பண்ணுவீர்கள். அப்புறம் இங்கே வந்து நின்றுகொண்டு ‘தப்பித்தோம்’ என்பீர்கள். இந்த வீடு என்ன கள்வர் குகையா?

யோசித்துப் பாருங்கள், கள்வர்கள் குகையிலா திருடுகிறார்கள்? திருடுவது வெளியே, ரோட்டில். குகை, திருடிவிட்டு வந்து ஒளிந்துகொள்ளும் இடம். எரேமியா சொல்வது இதைத்தான்: வாரம் முழுக்க வெளியே செய்ததற்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பதுங்கும் இடமாகக் கோயிலை ஆக்காதே. எங்கள் தாழ்வாரத்தில் அந்தப் பையன் கேட்டதும் இதே கேள்விதான். இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக் கேள்வி. அதை நான் ‘உக்காரு’ என்று அடக்கினேன்.

விவிலியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் கட்டாயம் மோதும் இன்னொரு சொல் ‘மாயக்காரர்’. பழைய மொழிபெயர்ப்பில் அப்படி இருக்கும். கத்தோலிக்கர் கையிலிருக்கும் திருவிவிலியத்தில் ‘வெளிவேடக்காரர்’ என்றிருக்கும். மூலத்தில் இருப்பது ‘ஹுப்போக்ரிட்டேஸ்’ என்ற கிரேக்கச் சொல். மேடையில் வேடம் கட்டி நடிக்கிறவனுக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ஆக ‘வெளிவேடம்’ ரொம்பப் பொருத்தம். மத்தேயு 6இல் இயேசு மூன்று வேடங்களைக் காட்டுகிறார்: எக்காளம் ஊதிக்கொண்டு கொடுக்கிற தர்மம், தெருமுனையில் நின்று செய்கிற ஜெபம், முகத்தை வாட வைத்துக்கொண்டு இருக்கிற நோன்பு. மூன்று பேரும் ‘தங்கள் கைம்மாறு பெற்றுவிட்டார்கள்’ என்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல் கடைத்தெருவில் ரசீது எழுதப் புழங்கிய சொல்: முழுத்தொகை பெற்றுக்கொண்டேன். பார்த்தவன் ‘ஆகா’ என்றான் அல்லவா, கணக்கு முடிந்தது. கடவுளிடம் இனி பாக்கி இல்லை.

வள்ளுவரும் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே எழுதிவைத்திருக்கிறார். ‘பெற்றம் புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று’ என்பார். பெற்றம் என்றால் பசு. பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு அடுத்தவன் பயிரை மேய்கிறது. இயேசு சொன்னது இதற்கு நேர் தலைகீழ்: ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய். ஒன்றில் வலுவில்லாதவன் வலுவானவனாக நடிக்கிறான். மற்றதில் கொடியவன் சாதுவாக நடிக்கிறான். இரண்டு வகையையும் எங்கள் திருவிழாக் கமிட்டிக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். (ஒன்றில் நானும் உறுப்பினர்.)

சரி, கனி என்றால் என்ன?

திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். மொத்தம் ஒன்பது. கத்தோலிக்க மறைக்கல்வியில் பன்னிரண்டு என்று வரும். அது பழைய லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாக வந்த எண்ணிக்கை, குழம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. பவுல் ‘கனிகள்’ என்று எழுதவில்லை, ‘கனி’ என்று ஒருமையில் எழுதுகிறார். ‘எனக்குப் பொறுமை உண்டு, தயவுதான் கொஞ்சம் கம்மி’ என்று கடையில் பொறுக்குவதுபோல் பொறுக்க முடியாது. ஒரே பழம், ஒன்பது சுளை.

இன்னொன்று. அந்த ஒன்பதில் பூசைக்குப் போவது இல்லை, ஜெபமாலை இல்லை, தசமபாகம் இல்லை, உபவாசம் இல்லை. இருப்பவற்றில் பெரும்பாலானவை பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லாமல் வெளிப்பட வழியே இல்லாதவை. தனியறையில் உட்கார்ந்துகொண்டு யாரிடம் பொறுமை காட்டுவது? சுவரிடமா தயவு காட்டுவது?

பழத்தைப் பற்றி எவரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மரம் தன் பழத்தைத் தின்பதில்லை. நுங்கின் ருசி பனைக்குத் தெரியாது. வெட்டிச் சாப்பிடும் பையனுக்குத்தான் தெரியும். ‘பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்’ என்று குறள் செல்வத்தைச் சொல்லும். மரம் ஊர் நடுவில் பழுக்க வேண்டும், பறிக்க ஆள் இருக்க வேண்டும். ஆகவே ‘என் வாழ்க்கையில் கனி இருக்கிறதா?’ என்று ஒருவர் தன்னையே கேட்டுக்கொண்டால் சரியான பதில் கிடைக்காது. பொண்டாட்டியைக் கேட்க வேண்டும். கடையில் வேலை செய்கிற பையனைக் கேட்க வேண்டும். வட்டிக்கு வாங்கியவனைக் கேட்க வேண்டும். போட்டு ஓனரின் கனி எப்படி இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அந்தப் பையனின் அப்பாதான்.

இது என் சொந்தக் கற்பனை என்று நினைத்தால் லூக்கா 3ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தான் ஆற்றங்கரையில் திருமுழுக்கு யோவான் நிற்கிறார். ஞானஸ்நானம் வாங்கக் கூட்டம் கூட்டமாக வருகிறது. அவர்களைப் பார்த்து ‘விரியன் பாம்புக் குட்டிகளே’ என்கிறார்! மனந்திரும்பியதற்கு ஏற்ற கனியைக் கொடுங்கள், ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று பெருமை பேசாதீர்கள் என்கிறார். (பரம்பரைக் கிறிஸ்தவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.) கூட்டம் பதறிப்போய்க் கேட்கிறது, ‘அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?’ இங்கே யோவான் என்ன சொல்லியிருப்பார் என்று எதிர்பார்ப்போம்? இன்னும் அதிகமாக ஜெபியுங்கள், கோயிலுக்குக் கூடக் கொடுங்கள்? அவர் சொன்னது: இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி வசூலிப்பவர்களுக்கு: விதித்ததற்கு மேல் ஒரு காசு வாங்காதீர்கள். படைவீரர்களுக்கு: யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளத்தோடு நில்லுங்கள்.

அவ்வளவுதான். அவரவர் தொழிலில் எங்கே கை நீளுமோ அந்த இடத்தைத் தொட்டுச் சொல்கிறார். வரிக்காரனிடம் அங்கியைப் பற்றிப் பேசவில்லை. வீரனிடம் வரியைப் பற்றிப் பேசவில்லை. அதே யோவான் இன்று பாம்பன் இறங்குதளத்தில் வந்து நின்றால் ஓனரிடம் என்ன சொல்லியிருப்பார்? கணக்கு நோட்டைக் கொண்டுவா என்றுதான். மீன் ஏலம் போன தொகை இவ்வளவு, டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று கரையில் கூலியாட்கள் முன்னால் வாசித்துப் பிரித்தால், அந்த நோட்டுதான் அவர் மரத்தின் கனி. ஏலக்காரரிடம் சொன்னால், எடைத்தட்டு. மீன் வாங்கப் போகிற நம் வீட்டுப் பெண்கள் சீலாவின் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதில்லை. செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யோவானும் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சட்டென்று தீர்த்துவிடலாம். அன்னிய பாஷை பேசுவது, நோயைக் குணமாக்குவது, தீர்க்கதரிசனம் சொல்வது எல்லாம் கனியா? இல்லை, அவற்றை விவிலியம் வரம், கொடை என்கிறது. கொடை ஒரே இரவில் கைக்கு வரலாம், கனி பழுக்க நாளாகும். மத்தேயு 7இல் சிலர் ‘உம்முடைய பெயரால் பேய்களை ஓட்டினோமே’ என்று வந்து நிற்க, ‘உங்களை எனக்குத் தெரியாது’ என்று பதில் வருகிறது. அற்புதமும் இலைக் கணக்கில்தான் சேரும்.

அதே 7ஆம் அதிகாரத்தில் ‘முட்செடியில் திராட்சை பறிப்பார்களா?’ என்று ஒரு கேள்வி வருகிறது. முள்ளைப் பற்றி ராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மழை பொய்த்த வருஷத்தில் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பரமக்குடி தாண்டியதும் ஜன்னல் வழியே பார்த்து, ‘வறண்ட மாவட்டம்னாங்க, இவ்வளவு பச்சையா இருக்கே’ என்பார்கள். அத்தனையும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. எந்தப் பஞ்சத்திலும் வாடாத பச்சை, ஆனால் ஒரு குருணி நெல் விளையாத பச்சை. (அதன் கரிமூட்டத்தால் அடுப்பெரிகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். மரத்தை நான் திட்டவில்லை. தூரத்துப் பச்சையை நம்பாதே என்கிறேன்.)

அப்படியானால் இலையே வேண்டாமா? இதைப் படித்துவிட்டு, ‘நான் கோயிலுக்கெல்லாம் போறதில்லண்ணே, மனசு சுத்தமா இருந்தாப் போதும்’ என்று ஒருவர் வருவார். எப்போதும் வருவார். இலை இல்லாத மரம் எப்படிச் சாப்பிடும்? வெயிலை வாங்கி உணவாக்குவது இலைதான். புதினாவுக்கும் சீரகத்துக்கும்கூடப் பத்தில் ஒரு பங்கு எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று, சமயச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த பரிசேயரைக் கடிந்துகொண்ட இயேசு, ‘அதை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. இதையும் செய்யுங்கள், அதையும் விடாதீர்கள் என்றார். கழுத்தில் உத்தரியம் (மாதா பக்திக்கான துணிப்பட்டை) போடுகிற கத்தோலிக்கப் பாட்டியும், நகையைக் கழற்றி வைத்த பெந்தெகொஸ்தே அக்காவும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் பைபிள் பையோடு போகிற சி.எஸ்.ஐ. அண்ணனும் என் கண்ணுக்கு நடிகர்கள் இல்லை. வேடமா விசுவாசமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு ஓர் ஆள் இருக்கிறார். ஓரியூர் அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்த போர்த்துக்கீசியர், ஜான் டி பிரிட்டோ. மறவர் நாட்டுக்கு வந்து காவி கட்டி, புலால் விட்டு, பண்டாரசுவாமியாக வாழ்ந்தார். வேடம்தான். ஆனால் ஜனங்களை நெருங்குவதற்காகக் கட்டிய வேடம். தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அரச வம்சத்து ஆள் ஆயிற்றே என்று உடனே தண்ணீரை ஊற்றிவிடவில்லை. முதலில் வீட்டைச் சரிசெய், ஒரு மனைவியோடு வாழ் என்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிக்கு உறவு. அந்தக் கோபம் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூர் மணலில் அவர் தலை வெட்டப்படுவதில் போய் முடிந்தது. விலக்கப்பட்ட பெண்களின் நியாயம் என்ன என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் சடங்கை மலிவாகக் கொடுக்க அவர் மறுத்தார் என்பது மறுக்க முடியாதது. ஓரியூருக்குப் போகிறவர்கள் அந்தச் சிவப்பு மண்ணை ஒரு பொட்டலம் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டிலும் மாதா படத்துக்குக் கீழே ஒரு பொட்டலம் இருக்கிறது.

அந்தப் படத்துக்கு முன்னால்தான் நான் மாட்டிக்கொண்டதும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் கத்தோலிக்கர் இறைச்சியை விடுவது முறை. மீன் சாப்பிடலாம். கடற்கரைக்காரனுக்கு இது என்ன பெரிய விரதம், தினமும் தின்கிறது மீன்தானே என்று, ஒரு வருஷம் நான் நாற்பது நாளும் மீனையும் விட்டேன். விட்டதோடு நிற்காமல் வகுப்பில் சொன்னேன், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன், பங்குச் சாமியார் காதில் விழுகிற மாதிரியும் ஒரு தடவை சொன்னேன். நான்காவது வாரம் ஒரு நாள், ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். சின்ன மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள். மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள்:

“நீங்க மீனையே தின்னுங்க. அத விட்ட நாள்லேருந்து எங்களத்தான் கடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கீங்க.”

ரொம்ப நாள் கழித்து, வகுப்புக்காகக் கலாத்தியர் 5ஐத் தயார் செய்யும்போது, அந்தக் கனிப் பட்டியலுக்குச் சில வரிகளுக்கு மேலே ‘ஒருவரையொருவர் கடித்து விழுங்கினால் அழிந்துபோவீர்கள், எச்சரிக்கை’ என்று பவுல் எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவள் அதைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சாப்பிட்டுப் பார்த்துச் சொன்னாள். ஏசாயா 58இலும் இதே விஷயம்தான் வருகிறது: நோன்பு நாளிலேயே சண்டை போடுகிறீர்கள், வேலைக்காரரைக் கசக்குகிறீர்கள், பசித்தவனோடு சோற்றைப் பகிர்வதல்லவா நான் விரும்பும் நோன்பு?

தனி ஆட்களை மட்டும் பேசிவிட்டு விடுவதும் நியாயமில்லை. ஒரு கரையே இலையாக நிற்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகுகள் போகும். அக்கரையிலிருந்தும் வருவார்கள். ஒரே தமிழில் சிலுவைப்பாதை, ஒரே சப்பரம், சோப்பும் மிட்டாயும் கைமாறும், கட்டிப்பிடித்து அழுவார்கள். ஊர் திரும்பி அடுத்த வாரம் நம் பக்கத்து இழுவை வலை அக்கரைக்காரன் கடலடியை வழித்துக்கொண்டு போகும். போர் முடிந்து பல வருஷம் கழித்துக் கடன் வாங்கிப் போட்ட அவன் சின்ன வலை அதில் அறுந்து போகும். இலங்கையில் 2017இலேயே இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் பிடிபட்டுச் சிறையில் கிடப்பதும், படகு பறிபோவதும் எனக்குத் தெரியாததல்ல. என் தெருவிலேயே அந்த வீடுகள் உண்டு. அந்த வலியைச் சொல்கிற அதே வாயால், சப்பரத்துக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றவனின் வலையைப் பற்றியும் பேச வேண்டும் என்கிறேன். இதைச் சொன்னதற்கு இங்கே இரண்டு மூன்று பேர் என்னிடம் பேசுவதில்லை.

சரி, கனி இல்லை என்று தெரிந்தவன் என்ன செய்வது? முக்கிமுக்கிப் பொறுமை வரவழைக்க முடியாது. நான் முயன்று பார்த்தாயிற்று. யோவான் 15இல் இயேசு தம்மைத் திராட்சைக் கொடி என்கிறார், நம்மைக் கிளை என்கிறார். கிளையின் வேலை கொடியிலேயே இருப்பது. சாறு ஏறினால் பழம் தானாக வரும். அதோடு தோட்டக்காரர் நறுக்குவார் என்றும் சொல்கிறார். திராட்சை தெரியாத பிள்ளைகளுக்கு நான் பனையைக் காட்டுவேன். ஆண் பனை நுங்கு காய்க்காது, பிரயோசனம் இல்லை என்று நினைப்போம். ஆனால் அதன் பாளையைத் தினமும் சீவிவிட்டால் கலயம் நிறையப் பதநீர் இறங்கும். எல்லா மரத்துக்கும் ஒரே பலன் இல்லை. சீவாமல் எதிலும் ஒரு சொட்டும் இறங்காது. அன்றைக்கு வீட்டில் எனக்கு விழுந்தது அப்படியொரு சீவல்.

அந்த ஓனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் கம்பெனியிடம் வாங்கிய முன்பணத்துக்காக, அவர்கள் சொன்ன விலைக்கே இறாலைப் போட்டுவிட்டுத் தலை குனிந்து வருகிறவர் அவர் என்று பின்னால்தான் தெரிந்தது. பையனின் அப்பாவுக்கு அவர் செய்வதை அவருக்கு இன்னொருவர் செய்கிறார். இதனால் கணக்கு நேராகிவிடாது. ஆனால் ‘பட்டுப்போ’ என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

இந்த வருஷம் அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்தேன். இம்முறை பக்கத்தைத் திருப்பவில்லை. அத்திமரம் பட்டுப்போனதைச் சொல்லி முடித்ததும், லூக்கா 13ஐயும் வாசிக்கச் சொன்னேன். அங்கே இன்னோர் அத்திமரம். மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை. சொந்தக்காரர் வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் கெஞ்சுகிறார்: ஐயா, இந்த ஒரு வருஷம் இருக்கட்டும், சுற்றிலும் கொத்திவிட்டு எரு போடுகிறேன், காய்த்தால் சரி.

“காய்ச்சிச்சா சார்?” என்றாள் ஒரு பிள்ளை.

லூக்கா அதை எழுதவில்லை என்றேன்.

பின்வரிசையிலிருந்து போன வருஷத்துப் பையன், அவன் இந்த வருஷமும் வருகிறான், கையைத் தூக்கினான். “எங்க வீட்டுத் தென்னைக்கு அம்மாச்சி மீன் கழிவத்தான் கொத்திப் புதைக்கும் சார். ரெண்டு நாளைக்கு வாசப்பக்கம் நிக்க முடியாது.”